பொருள்கோளும் மடக்கு மாற்றமும்: நிரல்பெயர்ப்பியியல் குறித்துத் தமிழாய்வு கொள்ளத்தக்க நிலைப்பாடு

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை செல்லும் சாலையில், துவாக்குடியை அடுத்து அமைந்துள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் மீக்கணினி ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. தேசிய மீக்கணிமைத் திட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட அதன் திறன் 838 டெராஃப்ளாப். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்கீடுகள். சி-டாக் நிறுவனம் 1991இல் உருவாக்கிய பரம் 8000 தொடங்கி அவ்வரிசைக் கணினிகள் 'பரம்' என்னும் முன்னடையைப் பெற்றுவருகின்றன. துவாக்குடிக் கணினிக்குச் சூட்டப்பட்ட பெயர் 'பரம் பொருள்'. திருவரங்கத்துக்கு இவ்வளவு அண்மையில் இவ்விரு சொற்களையும் சேர்த்துப் படிப்போர்க்கு வேறொரு நினைவு எழுவது இயல்பே. எனினும் தமிழாய்வாளர்க்கு அப்பெயரில் நின்று எண்ணத்தக்க சொல் 'பொருள்' என்பதுதான். எழுத்து, சொல், பொருள் என அடுக்கிய இலக்கண மரபில் பயின்றவர்கள், அக்கணினிக்குள் பொருள் என்பது எவ்வாறு காக்கப்படுகிறது என்று வினவக் கடமைப்பட்டவர்கள். அவ்வினா இதுவரை தமிழ்த்துறைகளில் எழுப்பப்படவில்லை என்றே தோன்றுகிறது. பெயர் தந்ததோடு தமிழின் பங்கு நிறைவுற்றதாகக் கொள்ளும் மனநிலை பரவலாக உள்ளது. இக்கட்டுரை அம்மனநிலைக்கு எதிரானது.

மனிதர் எழுதும் நிரலை எந்திரம் இயக்கும் குறிமுறையாக மாற்றும் மென்பொருளைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் 'நிரல்பெயர்ப்பி' எனக் குறிக்கின்றன. மொழிபெயர்ப்பு என்னும் சொல்லின் சாயலில் அமைந்த இச்சொல் ஒரு பாதி உண்மையையே சொல்கிறது. இன்றைய நிரல்பெயர்ப்பியின் கடினமான பணி பெயர்ப்பு அன்று, வரிசை மாற்றம். எழுதப்பட்ட கூற்றுகளை எழுதிய வரிசையிலேயே இயக்கினால் எந்திரம் தன் ஆற்றலில் சிறு பகுதியைக்கூடப் பயன்படுத்தாமல் காத்துக்கிடக்கும். ஆகவே நிரல்பெயர்ப்பி கூற்றுகளை முன்பின்னாக மாற்றுகிறது, கூறுகளாக்குகிறது, பலவற்றை ஒருசேர இயக்க வழிசெய்கிறது. அவ்வாறு மாற்றும்போது விளைவு மாறக்கூடாது. வரிசை மாறலாம், பொருள் மாறலாகாது என்பதே அதன் ஒரே விதி எனலாம்.

இவ்விதி தமிழ் இலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் எச்சவியலில் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்காகவும், நன்னூல் பொதுவியலில் ஆற்றுநீர் முதல் அடிமறிமாற்று ஈறாக எட்டாகவும் வகுத்துள்ள பொருள்கோள், செய்யுளின் சொல்லும் அடியும் நின்ற வரிசைக்கும் அவற்றின் பொருள் அமையும் வரிசைக்கும் இடையிலான உறவைப் பற்றியதே ஆகும். எவ்வகைச் செய்யுளில் எவ்வகை இடமாற்றம் தகும், எங்கே தகாது என்பதை வகைப்படுத்த முயன்ற கோட்பாடு அது. இன்று பொருள்கோள் தேர்வுக்குரிய ஒரு வினாவாக, எட்டுப் பெயர்களின் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. அதனை உயிருள்ள ஆய்வுக்கருவியாக மீட்க நிரல்பெயர்ப்பியியல் ஒரு வாய்ப்பைத் தருகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மடக்கு என்னும் சொல்

ஒரே கூற்றுத் தொகுதியை மீண்டும் மீண்டும் இயக்கும் நிரல் அமைப்பைக் குறிக்கத் தமிழ்நாட்டுக் கணினி நூல்களில் 'மடக்கு' என்னும் சொல் வழங்குகிறது. இச்சொல்லை ஆக்கியவர் தண்டியலங்காரத்தை நினைத்து ஆக்கினாரோ இல்லையோ, தேர்வு மிகப் பொருத்தமானது. அணியிலக்கணத்தில் மடக்கு என்பது எழுத்துத் தொகுதி மறித்து வந்து ஒவ்வொரு முறையும் வேறு பொருள் பயப்பது. வெறும் திரும்பக் கூறல் மடக்காகாது. நிரலின் மடக்கும் அத்தகையதே. கூற்று ஒன்றே, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது தொடும் தரவு வேறு. முதற் சுற்றில் முதல் எழுத்தையும் நூறாம் சுற்றில் நூறாம் எழுத்தையும் அது கையாளும்.

ஒரு மடக்கினுள் மற்றொரு மடக்கு அமையலாம். அதற்கு இப்பகுதி மக்களுக்கு உவமை தேடவேண்டியதில்லை. திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்தவை. புறச்சுற்றில் ஓரடி எடுத்து வைக்கும்போதெல்லாம் உட்சுற்று முழுவதையும் ஒருமுறை வலம்வந்து மீளவேண்டும் என்று ஒரு விதி இருப்பதாகக் கொண்டால், அடுக்கு மடக்கின் இயல்பு விளங்கும். மூன்று அடுக்குகள் ஒவ்வொன்றும் ஆயிரம் சுற்றுடையனவாயின், உள்ளிருக்கும் கூற்று 100 கோடி முறை இயங்கும். கணினியின் நேரம் பெரிதும் செலவாவது நிரலின் நீளத்தால் அன்று. இத்தகைய சில வரிகளால்தான்.

மற்றக் கலைச்சொற்களின் நிலை இவ்வளவு நன்றாக இல்லை. பள்ளிக் கணக்கு நூல்களில் எண்களின் செவ்வக அடுக்கு 'அணி' எனவும், அதன் கிடைவரிசை 'நிரை' எனவும், நெடுவரிசை 'நிரல்' எனவும் வழங்கும். கணினி நூல்களிலோ 'நிரல்' என்பது கட்டளைத் தொடர். ஆகவே அணியின் நெடுவரிசையைப் படிக்கும் கட்டளைத் தொடரைத் தமிழில் எழுதப் புகுவோர் 'நிரலைப் படிக்கும் நிரல்' என்று எழுதி இடர்ப்படுவர். இரு துறையினர் ஒருவரையொருவர் கேளாமல் சொல்லாக்கியதன் விளைவு இது. எனவே இக்கட்டுரையில் நெடுவரிசை, கிடைவரிசை என்னும் வெளிப்படையான சொற்களே ஆளப்படுகின்றன.

பாத்தியும் பந்தியும்

ஆயிரம் கிடைவரிசையும் ஆயிரம் நெடுவரிசையும் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்குவதை எடுத்துக்கொள்ளலாம். முதல் அணியின் ஒரு கிடைவரிசையும் இரண்டாம் அணியின் ஒரு நெடுவரிசையும் உறுப்புக்கு உறுப்பாகப் பெருக்கப்பட்டுக் கூட்டப்படும். இது மூன்றடுக்கு மடக்கு. சி போன்ற மொழிகளில் அணி கிடைவரிசை கிடைவரிசையாக நினைவகத்தில் வைக்கப்படுகிறது. செயலி நினைவகத்திலிருந்து ஓர் எண்ணைக் கேட்டால், பெரும்பாலான எந்திரங்களில் 64 பைட்டு கொண்ட ஒரு தொகுதி வந்து சேரும். ஓர் எண்ணுக்கு 8 பைட்டு எனில், எட்டு எண்கள் ஒருங்கே கிடைக்கின்றன. கிடைவரிசையாகப் படித்தால் எட்டும் பயன்படும். நெடுவரிசையாகப் படித்தால் ஒன்று மட்டுமே உடனே பயன்பட, ஏனைய ஏழும் தமக்குரிய முறை வருமுன் பெரும்பாலும் வெளியேற்றப்பட்டுவிடும். மூன்று மடக்குகளுள் உள் இரண்டனை இடம் மாற்றினால் எல்லா அணிகளும் கிடைவரிசையாகவே படிக்கப்படும். பெருக்கல்களின் எண்ணிக்கை மாறவில்லை. மாறியது வரிசை மட்டுமே. ஆயினும் நேரம் வெகுவாகக் குறைகிறது.

இதனினும் வலிய மாற்றம் ஒன்று உண்டு. அணியைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒரு சதுரத்தின் வேலையை முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல். ஓடு பதித்தல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் இதற்குப் பெயரிட்டுள்ளனர். காவிரிப் படுகையினர் இதற்கு ஓட்டைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 'பாத்தி கட்டுதல்' என்பதே போதும். நீரை வயல் முழுவதும் பரவவிடாமல் ஒரு பாத்தி நிறைந்தபின் அடுத்ததற்கு மடை திறப்பதே இங்கும் நிகழ்கிறது. கணக்கிட்டே பார்க்கலாம். பாத்தி கட்டாமல், கேட்கும் ஒவ்வோர் எண்ணையும் நினைவகத்திலிருந்தே எடுப்பதாகக் கொண்டால் 200 கோடி முறை படிக்கவேண்டும். 25க்கு 25 என்ற அளவில் பாத்தி கட்டினால், ஒருமுறை கொணர்ந்த எண் 25 முறை பயன்பட, படிப்பு 8 கோடியாகக் குறையும். மூன்று பாத்திகளும் சேர்ந்து கொள்ளும் இடம் 15,000 பைட்டு. செயலிக்கு மிக அருகிலுள்ள 32 கிலோபைட்டுப் பதுக்கு நினைவகத்தில் அது எளிதில் அடங்கும்.

வரைகலைச் செயலியில் இவ்வரிசை மாற்றம் விருப்பத்துக்குரியதாக இல்லாமல் கட்டாயமாகிவிடுகிறது. திரையில் படம் தீட்டுவதற்கென்று பிறந்த அச்செயலியைப் பொதுக்கணக்குக்குப் பயன்படுத்தும் வழியை என்விடியா நிறுவனம் 2007இல் குடா என்னும் பெயரில் வெளியிட்டது. அதன் இயக்கத்தைத் திருமணப் பந்தியோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளலாம். என்விடியாச் செயலிகளில் 32 இழைகள் ஒரு பந்தியாக அமர்கின்றன. பரிமாறுபவர் ஒருவரே. சாம்பார் என்றால் 32 இலைக்கும் சாம்பார். பந்தியில் சிலர் மட்டும் மோர் கேட்டால், அவர்களுக்கு மோர் ஊற்றி முடியும்வரை மற்றவர்கள் காத்திருக்கவேண்டும். நிரலில் 'இவ்வாறாயின் இது, அல்லாதாயின் அது' என்ற கிளைகள் பெருகப் பெருகப் பந்தி தேங்கும். இலைகள் அடுத்தடுத்து இருந்தால் ஒரே நடையில் பரிமாறலாம். மண்டபத்தின் மூலைக்கொன்றாகச் சிதறியிருந்தால் 32 நடை வேண்டும். இழைகள் அடுத்தடுத்த நினைவிடங்களைப் படிக்கவேண்டும் என்று கூறப்படுவதன் காரணம் இதுவே. (ஈடு முப்பத்தாறாயிரப்படியில் 'படி' என்பதும் 32 எழுத்துக் கணக்கு, தந்திர உத்திகளும் 32. இவற்றுக்கும் செயலியின் 32க்கும் எத்தொடர்பும் இல்லை என்பதைச் சொல்லிவைப்பது நன்று. ஏனெனில் தொடர்பு காட்ட முனைவோர் நம்மிடையே குறைவில்லை.)

இவ்வாறு மடக்கை இடம் மாற்றிப் பாத்தி கட்டிப் பந்தி பிரிக்கும் வேலையை நிரலர் கையால் செய்வது பெருஞ்சுமை. அதனைத் தானாகச் செய்யும் முறைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. கார்ப், மில்லர், வினோகிராட் ஆகியோர் 1967இலும், லாம்போர்ட் 1974இலும், பிரெஞ்சு அறிஞர் பால் ஃபோத்ரியே 1990களின் தொடக்கத்திலும் அடிப்படைகளை அமைத்தனர். மடக்கின் ஒவ்வொரு சுற்றையும் வெளியில் ஒரு புள்ளியாகக் கொண்டு, அப்புள்ளிகளின் தொகுதியை ஒரு பன்முகத் திண்மமாகப் பார்ப்பது அவர்கள் வழிவந்த முறை. 2008இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான புளூட்டோ என்னும் கருவி, சி மொழி மடக்குகளைப் பாத்திகளாகவும் இணைச் சுற்றுகளாகவும் தானே மாற்றிக் காட்டியது. அதனை உருவாக்கிய உதய் பொந்துகுலா, வழிகாட்டிய சடையப்பன், உடன் ஆய்ந்த ராமானுஜம் மூவரும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முன்னாள் மாணவர்கள். 2010இல் முத்து மணிகண்டன் பாஸ்கரன், ராமானுஜம், சடையப்பன் மூவரும் சி மொழி நிரலிலிருந்து குடா நிரலைத் தானாக உருவாக்கும் முறையை வெளியிட்டனர். பொந்துகுலா பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இவ்வாய்வைத் தொடர்ந்தார். இத்துறையில் தமிழ்நாட்டில் பயின்றோர் பங்கு சிறிதன்று. அவர்கள் ஆய்வைத் தமிழில் விளக்கும் நூல் ஒன்றைத் தேடினால் கைக்கு எட்டுவதாக இல்லை என்பதுதான் கவலைக்குரியது.

அடிமறிமாற்றும் ஆற்றுநீரும்

எந்த இடமாற்றம் தகும் என்று நிரல்பெயர்ப்பி எவ்வாறு அறிகிறது? ஒரு சுற்று எழுதியதை மற்றொரு சுற்று படிக்கிறதா என்பதே அது கேட்கும் முதல் வினா. படிக்கிறது எனில் பின்னது முன்னதைச் சார்ந்தது. அவ்விரண்டின் முன்பின் முறை பிறழக்கூடாது. எவ்விரு சுற்றுக்கும் இடையே சார்பு இல்லையெனில் அவற்றை எவ்வரிசையிலும் இயக்கலாம். அனைத்தையும் ஒரே நேரத்தில்கூட இயக்கலாம்.

நன்னூலார் அடிமறிமாற்றுக்குக் கூறும் இருவகையுள் ஒன்று, எவ்வடியை எங்கே வைத்துச் சொல்லினும் பொருள் வேறுபடாதது. சார்பற்ற மடக்கின் இலக்கணமும் இதுவே. இதற்கு நேர்மறுதலை ஆற்றுநீர்ப் பொருள்கோள். முன்னடியின் பொருள் பின்னடிக்குள் தடையின்றி இறங்கிச் செல்ல, இடையில் எதனையும் எடுத்து முன்வைக்க இயலாத நிலை. ஒரு வரிசை எண்களை முதலிலிருந்து கூட்டிக்கொண்டே சென்று ஒவ்வோரிடத்திலும் அதுவரையான தொகையை எழுதும் மடக்கு அத்தகையது. ஒரு வரிசையிலிருந்து பெயர்களையும் மற்றொரு வரிசையிலிருந்து அவற்றுக்குரிய முடிக்குஞ் சொற்களையும் முறையே பொருத்தும் நிரல்நிறையை, இரண்டு வரிசைகளின் உறுப்புகளை ஒன்றுக்கொன்றாக இணைக்கும் கணக்கோடு ஒப்பிடலாம். பல அடிகளில் சிதறிய சொற்களைத் திரட்டிக் கூட்டும் கொண்டுகூட்டு, சிதறிய நினைவிடங்களிலிருந்து தரவு திரட்டும் செயலை ஒக்கும். உரையாசிரியர்களுக்குக் கொண்டுகூட்டு எத்துணை உழைப்பைத் தந்ததோ, வரைகலைச் செயலிக்கும் அத்துணை உழைப்பைத் தருவது அதுவே. விற்பூட்டுக்கும் தாப்பிசைக்கும் இவ்வாறு இணை தேடுவது வலிந்து கொள்வதாகவே முடியும். தேடாமல் விடுவதே முறை.

இவ்வொப்புமையைக் கொண்டு பவணந்தியாரோ தொல்காப்பியரோ நிரல்பெயர்ப்பியை அன்றே அறிந்திருந்தார் என்று கூறுவது ஆய்வாகாது. அத்தகைய கூற்று இரு துறைக்கும் இழுக்கு. ஒப்புமை, இரு துறையும் கேட்கும் வினாவில் உள்ளதேயன்றி விடையில் இல்லை. வேறுபாடுகளே அறிவுக்கு மிகுதியும் பயன்படுவன. பொருள்கோள் கற்போன் பக்கம் நிற்பது. செய்யுள் முன்னரே முடிந்த ஒன்று, அதனைப் பிரித்துப் பொருள் கண்டபின்னும் செய்யுள் தன் வடிவிலேயே நிற்கும். நிரல்பெயர்ப்பியோ மாற்றிய வடிவத்தையே இயக்குகிறது. மூலவடிவம் எந்திரத்தைச் சென்றடைவதே இல்லை. உரையாசிரியர் இருவர் ஒரே செய்யுளை இருவேறாகக் கொண்டுகூட்டி இரு பொருள் காணலாம், அவ்விரண்டும் வாழும். நிரல்பெயர்ப்பிக்கு அந்த உரிமை இல்லை. ஐயம் எழுமாயின் அது இடம் மாற்றாமல் விட்டுவிடவேண்டும்.

ஆயினும் 'பொருள்' என்பது எந்திரத்திலும் எப்போதும் ஐயமற்றது என எண்ணுவது தவறு. 1ஐ அடுத்துப் 16 சுழிகள் கொண்ட எண்ணோடு 1ஐக் கூட்டி, பின் அப்பெரிய எண்ணையே கழித்தால், கணினியின் வழக்கமான இரட்டைத் துல்லிய எண்முறையில் விடை 0. பெரிய எண்ணை முதலில் கழித்துவிட்டுப் பின் 1ஐக் கூட்டினால் விடை 1. கணிதத்தில் இரண்டும் ஒன்றே, எந்திரத்தில் ஒன்றல்ல. இதனால்தான் இத்தகைய கூட்டல்களின் வரிசையை நிரலரின் இசைவின்றி நிரல்பெயர்ப்பிகள் பொதுவாக மாற்றுவதில்லை. அந்த இசைவைத் தரும் விசையை விரைவு கருதி அழுத்திவிடுவோர் பலர். எவ்வளவு மாறினால் பொருள் மாறியதாகும் என்ற வினாவுக்கு அங்கே விடை அளிப்பவர் மனிதரே.

பாடவேறுபாட்டு ஒப்பீடு

இவையெல்லாம் தமிழாய்வின் எல்லைக்குள் வருவனவா என்ற ஐயத்துக்குப் பதிப்பியலிலிருந்தே விடை கூறலாம். இரு சுவடிகளின் பாடங்களை ஒப்பிட்டு, ஒன்றை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று கணக்கிடும் முறைக்கு லெவன்ஷ்டெய்ன் 1965இல் அடியிட்டார். வாக்னரும் ஃபிஷரும் அதனைக் கட்டம் நிரப்பும் முறையாக 1974இல் வெளியிட்டனர். ஒரு பாடத்தின் எழுத்துகளை மேலேயும் மற்றதன் எழுத்துகளை இடப்புறத்திலும் எழுதி, நடுவிலுள்ள கட்டங்களை நிரப்பவேண்டும். ஒவ்வொரு கட்டமும் தனக்கு மேலே, இடப்புறத்தே, மேல் இடமூலையில் உள்ள மூன்று கட்டங்களைச் சார்ந்தது.

வரிசை வரிசையாக நிரப்பினால் இது முற்றும் ஆற்றுநீர். ஒரு கட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காது. 32 பேர் பந்தியில் ஒருவர் மட்டுமே உண்பார். ஆனால் வலமேலிருந்து இடக்கீழாக ஓடும் சாய்கோட்டில் உள்ள கட்டங்கள் தமக்குள் ஒன்றையொன்று சாரா. ஆகவே மடக்கைச் சாய்த்து, கோடு கோடாக நிரப்பினால் ஒரு கோட்டின் கட்டங்கள் யாவும் அடிமறிமாற்றாக அமைந்துவிடும். 20 எழுத்துகள் கொண்ட இரண்டு அடிகளுக்கு 400 கட்டங்கள். 400 படிகளில் முடியவேண்டியது 39 படிகளில் முடியும். அடியளவில் இது பெரிதன்று. ஒரு லட்சம் எழுத்துடைய இரண்டு நூற்பாடங்களை முழுமையாக ஒப்பிடப் புகுந்தால் கட்டங்கள் 1000 கோடி, சாய்கோடுகள் 1,99,999. வேறுபாட்டின் அளவு மட்டும் போதுமெனில், முந்தைய இரண்டு கோடுகளை நினைவில் வைத்தாலே அடுத்ததை நிரப்பிவிடலாம். துவாக்குடியில் உள்ளது போன்ற வரைகலைச் செயலிகள் பூட்டிய கணினிக்கு உகந்த பணி இது. லாம்போர்ட் 1974இல் காட்டிய வழியும் இச்சாய்கோட்டு வழியே.

இதுவரை எந்திர வல்லுநர் போதும். இதற்குமேல் போதாது. 'எழுத்து' என்பது யாது என்ற வினாவை நிரல்பெயர்ப்பி கேட்பதில்லை. யூனிகோடு முறையில் 'கை' என்பது இரண்டு குறியெண்கள். 'தீ' என்பதும் இரண்டு. கை என்ற பாடத்துக்குத் தீ என்ற பாடம் வந்தால் தமிழாய்வாளர் ஓரெழுத்து வேறுபாடு என்பர். குறியெண் எண்ணும் நிரல் இரண்டு என்னும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண்ணாலும், ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியெண்ணாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். முன்னரே சீர்செய்யாத தரவில், இரண்டு பதிப்பாளர் ஒரே பாடத்தைத் தட்டெழுதியிருந்தாலும் நிரல் அங்கே இரண்டு வேறுபாடுகளைக் காணும். மடக்கு பிழையின்றி இயங்கும். வரிசை மாற்றம் பொருளைச் சற்றும் சிதைக்காது. 1000 கோடிக் கட்டங்களும் விரைவாக நிரம்பும். விடை தவறாக இருக்கும்.

சுவடியியல் அறிந்தோர் இன்னும் ஒரு படி செல்வர். ஓலையில் புள்ளி இடுவது அரிது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. ஆகவே அச்சிட்ட நூலில் 'கொடி', 'கோடி' என வேறுபடுவது ஓலையளவில் வேறுபாடே அன்று. அதன் மதிப்பு சுழியாக இருக்கவேண்டும். ளகர ழகர மயக்கத்துக்கு முழு வேறுபாட்டின் மதிப்புத் தருவது பொருந்துமா, பாதி போதுமா என்பது ஏட்டின் வட்டாரத்தையும் எழுதியவரின் வழக்கத்தையும் நோக்கி முடிவு செய்யவேண்டியது. இம்மதிப்புகளை அட்டவணையாக்கித் தருவது பதிப்பாசிரியரின் வேலை. சாமிநாதையர் போன்றோர் மனத்துக்குள் நடத்திய தேர்வு அதுதான்; எந்திரத்துக்காக அதனை இப்போது வெளிப்பட எழுதவேண்டியுள்ளது.

அவ்வாறு எழுதும் முறையும் மடக்கைத் தொடுகிறது. 'ரகரமாயின் இவ்வாறு, ஒற்றாயின் அவ்வாறு' என்று உள் மடக்கினுள் கிளைகளை அடுக்கினால் பந்தி தேங்கும். எல்லா எழுத்திணைகளுக்கும் மதிப்புகளை முன்னரே கட்டமாக எழுதிவைத்தால் ஒவ்வோர் இழையும் ஒரே செயலாக அதனைப் பார்த்துச் செல்லும். 247 எழுத்துக்கு 247 எழுத்து எனக் கொண்டால் 61,009 மதிப்புகள். இருபுறமும் ஒன்றே என்பதால் பாதியளவே எழுதினால் போதும். பெரும்பாலானவை பொது மதிப்பாகவே அமையும். இலக்கண அறிவு எவ்வளவு தெளிவாக அட்டவணையாகிறதோ அவ்வளவுக்குக் கணக்கும் விரைகிறது. அட்டவணையைத் தமிழ்த்துறையும் மடக்கைக் கணினித்துறையும் தனித்தனியே செய்து பின்னர் ஒட்டுவது என்பது, அணியின் நிரலும் கட்டளைத் தொடரின் நிரலும் மோதிய கதையாகவே முடியும்.

மொழிநடை பற்றி

இத்துறையைத் தமிழில் எழுதும் நடை குறித்துத் திருவரங்கம் இரு சான்றுகளைத் தருகிறது. நம்பிள்ளை அங்கே திருவாய்மொழிக்கு நிகழ்த்திய விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏட்டில் எழுதியதே ஈடு. வடசொல்லைத் தாராளமாக ஏற்று, தமிழ்த் தொடரமைப்பை விடாமல், நுண்பொருளைச் சொல்ல வல்ல உரைநடை அது. ஏழு நூற்றாண்டுகளின் பின், திருவரங்கத்தில் வளர்ந்து, பாரத் மின்னணு நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய ரங்கராஜன், சுஜாதா என்னும் பெயரில் கணினியைத் தமிழ் வாசகரிடம் கொண்டு சேர்த்தார். அவர் நடையைத் தமிழ்த்துறைகள் நீண்ட காலம் இலக்கியத் தகுதி பற்றிய வினாவாக மட்டுமே பார்த்தன. கலைச்சொல்லாக்க ஆய்வுக்குரிய தரவாகப் பார்த்தவர் குறைவு. இவ்விரு நடைகளையும் தூய்மை என்னும் அளவுகோலால் தள்ளிவிட முடியாது. 'கம்பைலர்' என்று எழுதுவதா, 'நிரல்பெயர்ப்பி' என்று எழுதுவதா என்பது இரண்டாந்தரச் சிக்கல். செயலை அறிந்தவர் எச்சொல்லை ஆண்டாலும் வாசகருக்கு விளங்கும். பாத்தி, பந்தி, சார்பு போன்ற சொற்கள் அவ்வறிவிலிருந்தே வந்து பொருந்தும். செயலை அறியாமல் அகராதிக்கு அகராதி பெயர்த்த சொற்பட்டியல்கள் நூலகங்களில் உறங்குகின்றன.

இதன்வழி உடனடியாகச் செய்யத்தக்கவை மிகுதியில்லை. முனைவர் பட்டத்துக்கு முந்தைய பாடத்திட்டத்தில் பொருள்கோள் கற்பிக்கும் இடத்திலேயே சார்பு என்னும் கருத்தையும் ஒரு சிறு கட்டம் நிரப்பும் பயிற்சியையும் சேர்க்கலாம். கணினியே இல்லாமல் தாளிலும் எழுதுகோலாலும் அதனைச் செய்துவிடலாம். பல்கலைப்பேரூருக்கும் துவாக்குடிக்கும் இடையே சாலை உண்டு. கூட்டு ஆய்வுக்குத் தனி நிறுவனம் தேவையில்லை. எந்திர ஒப்பீட்டின் துணையுடன் வெளிவரும் பதிப்புகளின் பதிப்புரையில், எச்சுவடி ஒப்பிடப்பட்டது என்று குறிப்பது போலவே, எழுத்தின் அலகாக எது கொள்ளப்பட்டது, குறியெண்கள் எம்முறையில் சீர்செய்யப்பட்டன, எகர ஏகார வேறுபாட்டுக்கும் ளகர ழகர மயக்கத்துக்கும் என்ன மதிப்பு இடப்பட்டது, கூட்டல் வரிசையை மாற்ற நிரல்பெயர்ப்பிக்கு இசைவு தரப்பட்டதா என்பனவற்றையும் குறிக்கவேண்டும். அட்டவணை பின்னிணைப்பில் இடம்பெறவேண்டும். பதிப்பை மதிப்பிடும் ஆய்வாளர் அதனைப் படித்து, 'ரகரத்துக்கும் காலுக்கும் இங்கு முழு மதிப்பு இட்டது ஏன்?' என்று கேட்க வல்லவராக இருக்கவேண்டும்.